கடல் முழுக்கக் கந்தகம் இருக்க, பாக்டீரியா ஏன் பாசியிடம் போகிறது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

கடலில் மிதக்கும் நுண்பாசியும் பாக்டீரியாவும் கந்தகச் சேர்மங்களைப் பண்டமாற்று செய்துகொள்கின்றன என்று படித்தேன். நம்பும்படி இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. எடைக் கணக்கில் குளோரைடு, சோடியம் இரண்டுக்கும் அடுத்தது அதுதான். ஆற்றுக்குள் நிற்பவன் ஒரு சொம்பு தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

எண் சரி. ஆனால் கடலில் கிடப்பது நெல். உயிருக்கு வேண்டியது சோறு.

சல்பேட்டில் ஒரு கந்தக அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும். புரதத்தில் வரும் சிஸ்டீன், மெத்தியோனின் இரண்டிலும் கந்தகம் ஆக்சிஜன் துணையில்லாமல் கார்பனோடு ஒட்டியிருக்கும். முதலாவதை இரண்டாவதாக மாற்ற, கந்தக அணு ஒவ்வொன்றுக்கும் எட்டு எலக்ட்ரான் ஊட்ட வேண்டும். அதற்கும் முன்னால், அசையாமல் கிடக்கும் சல்பேட்டைக் கிளப்பிவிடவே செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகும். குத்தி, புடைத்து, உலையில் போட்டு வடிக்கிற வேலை இது. வெயிலில் மிதக்கும் பாசிக்கு விறகுக்குப் பஞ்சமில்லை, சூரியன் தலைக்கு மேலேயே இருக்கிறது. கிடைத்த கரிமப் பொருளைத் தின்று காலம் தள்ளும் பாக்டீரியாவுக்கு ஒவ்வொரு சுள்ளியும் கணக்கு. பக்கத்தில் ஒருத்தி வடித்த சோற்றை வைத்திருக்கும்போது அது உலை வைக்க மெனக்கெடாது.

அந்த வடித்த சோற்றின் பெயர் டைமெத்தில்சல்போனியோபுரோபியோனேட். இனி டிஎம்எஸ்பி என்றே எழுதுகிறேன். மூன்று வருடம் ஒரு ஆய்வகத்தில் இதை அளப்பதுதான் எனக்கு வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10, காலை

பாசி என்றதும் பாறையில் வழுக்குவதையும் கரையில் ஒதுங்குவதையும் நினைத்து இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்வது கண்ணுக்குத் தெரியாத, நீரோட்டத்தோடு போகிற ஒற்றைச் செல் பாசியை. டயாட்டம், டைனோஃபிளாஜெல்லேட், சுண்ணாம்புத் தகடு போர்த்திய எமிலியானியா ஹக்ஸ்லியி போன்றவை. டிஎம்எஸ்பியை எல்லாம் ஒரே அளவில் செய்வதில்லை. டயாட்டத்தில் பொதுவாகக் குறைவு. எமிலியானியாவிலும் டைனோஃபிளாஜெல்லேட்டிலும் செல்லுக்குள் நூறு மில்லிமோலாருக்கு மேல் அடைத்து வைத்திருக்கும். வெளியே கடல்நீரிலோ லிட்டருக்குச் சில நானோமோல்தான். உள்ளே, வெளியே வித்தியாசம் கோடி மடங்கு வரும்.

எதற்கு இவ்வளவு? உப்பு நீரில் செல் சுருங்காமல் இருக்க என்பது பழைய விளக்கம், இன்றும் நிற்கிறது. குளிரிலிருந்து காப்பது, வெயில் கூடிச் செல்லுக்குள் பிறக்கும் நச்சு ஆக்சிஜனை அணைப்பது என்று பின்னால் வேறு பயன்களும் சேர்ந்தன. ஒரே பொருளுக்கு இத்தனை வேலை இருப்பதால்தான் அளக்கும்போது தலை சுற்றும். பாசி ஏன் கூட்டியது, ஏன் குறைத்தது என்பதை ஒரு காரணத்தில் அடக்க முடியாது.

முதலில் தெரியவந்ததென்னவோ கரைப்பாசியில்தான். பாலிசைபோனியா என்ற சிவப்புப் பாசி காற்றில் காயும்போது டைமெத்தில் சல்ஃபைடு வாயு வருவதை 1935-இல் ஹாஸ் என்பவர் கண்டார். அந்த வாயு எதிலிருந்து பிறக்கிறது என்று 1948-இல் பிரிட்டனில் சேலஞ்சரும் சிம்ப்சனும் தேடிப்போய் டிஎம்எஸ்பியைப் பிடித்தார்கள். ஆக, கரைப்பாசியை நினைத்தவர்கள் முழுக்கத் தவறில்லை.

பிப்ரவரி 10, இரவு

உலை வைக்க மெனக்கெடாது என்று நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. சில பாக்டீரியா வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. அடுப்பே இல்லை.

சார்11 என்றொரு கூட்டம். 1990-இல் சர்காசோ கடல் நீரின் மரபணுத் துண்டுகளிலிருந்து கியோவனோனி குழு அதைக் கண்டுபிடித்தபோது ஆளைப் பார்த்தவர் யாருமில்லை, பெயர்ச்சீட்டு மட்டும்தான் கையில். ஆய்வகத்தில் வளர்க்கப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. 2002-இல் ஓரிகன் கரை நீரிலிருந்து பெலாஜிபாக்டர் யூபிக் என்ற இனத்தை வளர்த்தெடுத்தார்கள். கடல் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாவில் மூன்றில் ஒன்று, சில இடங்களில் அதற்கும் மேலே, இந்தக் கூட்டம்தான். ஆனால் செல் ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீட்டர் நீளம்கூட வராது.

2005-இல் அதன் மரபணுத் தொகுதியை வாசித்தார்கள். 13 லட்சம் எழுத்துச் சொச்சம், அவ்வளவே. தனியாக வாழும் உயிர்களில் அன்றைக்குத் தெரிந்த மிகச் சிறிய தொகுதி. எதெதை வைத்திருக்கிறது என்பதைவிட எதெதைக் கைவிட்டது என்பதே வியப்பு. அதில் ஒன்று, சல்பேட்டைக் குறைத்துப் புரதத்துக்கு ஏற்ற கந்தகமாக்கும் மரபணுக்கள். 2008-இல் டிரிப்பும் கூட்டாளிகளும் சோதித்து உறுதி செய்தார்கள். சல்பேட் நிறைந்த நீரில் விட்டாலும் வளரவில்லை. மெத்தியோனின் அல்லது டிஎம்எஸ்பி போட்டால்தான் வளர்ந்தது, அதுவும் நானோமோல் கணக்கில் போட்டாலே போதும்.

கேள்வி கேட்டவர் இந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். உலகிலேயே அதிகம் இருக்கும் பாக்டீரியா கூட்டங்களில் ஒன்று, கந்தகக் கடலில் மிதந்துகொண்டு, கந்தகத்துக்குப் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறது. ஊரெல்லாம் சோறு வடித்துக்கொட்டும் என்ற உறுதி இல்லாமல் யாரும் உரலையும் உலக்கையையும் விற்க மாட்டார்கள். கோடிக்கணக்கான வருடம் டிஎம்எஸ்பி ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பிப்ரவரி 12

வாசனை பற்றி மூன்று பேர். கடற்கரையில் இறங்கியதும் மூக்கில் ஏறுகிறதே, அதுவா இது?

அதில் ஒரு பகுதி இது. டிஎம்எஸ்பி உடையும்போது வரும் டைமெத்தில் சல்ஃபைடு வாயுவை நம் மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும். தனியாக முகர்ந்தால் மூடி போட்டு முட்டைக்கோஸ் வேகவைக்கும் வாடை, டின்னில் அடைத்த சோளத்தைத் திறக்கும் வாடை. ஒற்றுமை தற்செயல் அல்ல. முட்டைக்கோஸிலும் சோளத்திலும் எஸ்-மெத்தில்மெத்தியோனின் என்ற உறவுக்காரப் பொருள் இருக்கிறது, சூட்டில் உடைந்து இதே வாயுவைத்தான் விடுகிறது. ஆய்வகத்தில் தரநிலைக் கரைசல் குப்பியைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனால், மதியம் யார் வீட்டில் கோஸ் பொரியல் என்று அம்மா கேட்பார்.

மீன் சந்தை நாற்றம் இது இல்லை. அது டிரைமெத்தில்அமீன், அதில் கந்தகமே கிடையாது. நைட்ரஜன் சமாச்சாரம்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் மணலில் பரப்பிக் காயவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். அந்த வாடை முழுக்க டைமெத்தில் சல்ஃபைடு என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்துக் குப்பியில் போட்டு, டிஎம்எஸ்பியை வாயுவாக உடைக்கும் காரக் கரைசலை (சோடியம் ஹைட்ராக்சைடு) விட்டு அளந்தேன். கட்டக்கோரையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பாறையில் கீரைபோல மெல்லிசாக ஒட்டியிருக்கும் உல்வா பாசியில் கருவியின் முள் எகிறிவிட்டது. காயவைத்தவர்கள் அதைக் குப்பையென்று ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள்.

பிப்ரவரி 13

கேட்காமலே ஒன்று சேர்க்கிறேன், இது இல்லாமல் மேலே போக முடியாது. டிஎம்எஸ்பி கையில் கிடைத்தால் பாக்டீரியாவுக்கு இரண்டு வழி.

ஒரு வழியில் மெத்தில் தொகுதி ஒன்றைக் கழற்றிவிட்டு, படிப்படியாக மெத்தேன்தயால் வரை இறக்கி, அதிலிருக்கும் கந்தகத்தை மெத்தியோனினில் கட்டிக்கொள்ளும். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலப்பார்களே, மெத்தேன்தயால் அதற்கு ஒரு கார்பன் குறைந்த தம்பி. இந்த வழிக்கான முதல் மரபணுவை, டிஎம்டிஏ, 2006-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் மோரன் குழு கண்டது.

இன்னொரு வழியில் நடுவில் வெட்டிவிடும். கார்பன் துண்டைத் தின்றுவிட்டுக் கந்தகத்தை டைமெத்தில் சல்ஃபைடாகக் காற்றுக்கு விட்டுவிடும். இதற்கான முதல் மரபணு 2007-இல் இங்கிலாந்தின் நாரிச்சில், கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. பிறகு வெவ்வேறு வடிவில் அரை டஜனுக்கு மேல் வந்துவிட்டன.

பெரும்பகுதி முதல் வழியில்தான் போகிறது. கடற்கரை வாடை என்பது பாக்டீரியா பயன்படுத்தாமல் விட்ட மிச்சம். அந்த மிச்சத்திலும் பெரும்பங்கை வேறு பாக்டீரியாவும் வெயிலும் நீருக்குள்ளேயே முடித்துவிடும். பத்தில் ஒரு பங்கு போலத்தான் காற்றை எட்டுகிறது.

பிப்ரவரி 13, சற்றுப் பிறகு

சார்11 எந்த வழி என்று உடனே கேட்டுவிட்டார்கள். இரண்டும். 2016-இல் தெரிந்தது. தனக்கு வேண்டிய அளவு கந்தகத்தை முதல் வழியில் எடுத்துக்கொண்டு, மீந்ததை இரண்டாவது வழியில் வெட்டி வெளியே விடுகிறது. அடுப்பை விற்றவன் வீட்டில் சோறு மீந்துபோகிறது.

பிப்ரவரி 16

நான்கு நாளாக ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பண்டமாற்று. கேள்வியில் வந்தது, நானும் மறுக்காமல் விட்டேன். பாசி சோறு வைத்திருக்கிறது, பாக்டீரியா வாங்குகிறது என்று முதல் நாள் எழுதினேன். பாசி கொடுக்கிறது என்று எனக்கு யார் சொன்னது?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கரைந்த டிஎம்எஸ்பியை அளக்க, கடல்நீரை வடிதாளில் விட்டுப் பாசியைப் பிரிக்க வேண்டும். கீழே இறங்கும் நீரில் இருப்பது கரைந்தது, தாளில் தங்கியது செல்லுக்குள் இருந்தது. வடிநீரில் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு மூடினால் ஒரு மூலக்கூறு டிஎம்எஸ்பிக்கு ஒரு மூலக்கூறு டைமெத்தில் சல்ஃபைடு வரும். அதை, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபுக்கு அனுப்பினால், உள்ளே ஹைட்ரஜன் சுடரில் கந்தகம் நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைத்தான் கருவி எண்ணாக்கித் தருகிறது.

எங்கள் ஆய்வகத்தில் நேரம் மிச்சம் என்று வடிதாளுக்குக் கீழே வாக்குவம் பம்ப் பொருத்தியிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கால் லிட்டர் இறங்கிவிடும். ஒரு வருடம் அப்படித்தான் அளந்தேன். பாசி பெருகும் காலத்தில் கரைந்த டிஎம்எஸ்பி 20 நானோமோல், 30 நானோமோல் என்று வந்தது. பாசி தாராளமாகக் கொடுக்கிறது என்று அறிக்கையிலும் எழுதினோம். அதை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. பம்ப் நின்றுவிட்டது. எடுத்துவந்த நீரை வீணாக்க மனமில்லாமல் புனலில் ஊற்றி, தானாகச் சொட்டட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். மறுநாள் அளந்தால் 3 நானோமோல். முந்தின நாள் அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்த நீர் 24 காட்டியிருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்ப ஓட்டினேன். கருவி நன்றாகத்தான் இருந்தது. பம்ப் இழுக்கிற இழுப்பில் பாசிச் செல்கள் தாளில் மோதிக் கிழிந்து, உள்ளே இருந்ததை நீரில் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு வருடமாக நாங்கள் கொடை என்று எழுதியது எங்கள் கையால் உடைந்தவற்றின் கசிவு.

பின்னால்தான் தெரிந்தது, 2006-லேயே கீனும் ஸ்லெசாக்கும் இதைச் சோதித்து, அழுத்தமே இல்லாமல் சிறு அளவு நீரைச் சொட்டவிடுவதுதான் முறை என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முன் வெளியான அளவுகள் பலவும் உண்மையைவிடக் கூடுதல். அதைப் படித்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். நல்ல நிலையில் இருக்கும் பாசி டிஎம்எஸ்பியை அதிகம் வெளியே விடுவதில்லை. நீரில் மிதந்து திரியும் குட்டி விலங்குகள் பாசியை மென்று தின்னும்போது சிந்தும். வைரஸ் தாக்கிச் செல் வெடிக்கும்போது கொட்டும். முதிர்ந்து சாகும்போது கசியும். கடலில் கைமாறும் டிஎம்எஸ்பியில் பெரும்பகுதி இப்படி வருவது. செத்தவர் வீட்டுச் சோற்றைப் பண்டமாற்று என்று சொல்வது சரியா? முதல் நாள் எழுதிய "பக்கத்தில் ஒருத்தி" என்ற வரியை நான் திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 17

"அப்படியானால் என் சந்தேகம்தான் சரி, பண்டமாற்றே கிடையாது, அப்படித்தானே?" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். டிஎம்எஸ்பி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 20

ஞாயிறு போய்விட்டது, இன்றுதான் முடிந்தது.

2015-இல் வந்த ஒரு சோதனை. ஒரு குடுவையில் தலசியோசிரா சூடோநானா என்ற டயாட்டம், கூடவே ருஜீரியா பொமேராயி என்ற பாக்டீரியா. பாக்டீரியா ஜார்ஜியா கரையோர நீரில் கிடைத்தது. மோரன் குழுவுக்கு அது வளர்ப்புப் பிள்ளை மாதிரி. குடுவையில் இரண்டு பொருள்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். டயாட்டத்துக்குக் கட்டாயம் வேண்டிய வைட்டமின் பி12 போடவில்லை. பாக்டீரியா தின்ன எந்தக் கரிமப் பொருளும் போடவில்லை. ஆளுக்கொரு குறை. அடுத்தவர் தந்தால்தான் உண்டு.

இரண்டும் வளர்ந்தன. அதாவது பி12 இந்தப் பக்கம் போனது, உணவு அந்தப் பக்கம் போனது. என்ன உணவு என்று பாக்டீரியாவின் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்பதைப் பார்த்தார்கள். டிஎம்எஸ்பிதான் முன்னால் நிற்கும் என்று நானாக இருந்தால் பந்தயம் கட்டியிருப்பேன். இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது டிஎச்பிஎஸ் என்ற சல்போனேட்டை, அதாவது கந்தகமுள்ள இன்னொரு கரிமப் பொருளை, தின்ன உதவும் மரபணுக்கள். முழுப்பெயர் டைஹைட்ராக்சிபுரோபேன்சல்போனேட். கடல் மிதவைப் பாசியில் இது முக்கியமாக இருக்கும் என்று அதுவரை யாரும் தேடியதில்லை. பிறகு டயாட்டத்துக்குள் தேடினால் மில்லிமோலார் கணக்கில் இருந்தது.

இத்தனை காலம் ஏன் கண்ணில் படவில்லை? வெளியே வந்த கையோடு பாக்டீரியா தின்றுவிடுகிறது. நீரில் தேங்குவதே இல்லை. நீரை மட்டும் அளந்தால் அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. யார் எதை வாங்குகிறார்கள் என்பதை வாங்குகிறவரின் கையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மூன்று வருடம் நீரை மட்டுமே அளந்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சொல்ல முடியாது. இதில் யாரும் சாகவில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. இங்கே கந்தகம் கைமாறுகிறதே தவிர, கந்தகத்துக்காகக் கைமாறவில்லை. டிஎச்பிஎஸ்ஸில் இருக்கும் கந்தகம் ஏற்கெனவே மூன்று ஆக்சிஜனைச் சுமப்பது. ருஜீரியா அதைத் தின்று கார்பனை எடுத்துக்கொண்டு, கந்தகத்தை சல்ஃபைட்டாக வெட்டி விட்டுவிடுகிறது. வாழை இலையில் கட்டின கட்டுச்சோறு மாதிரி. வேண்டியது சோறு, இலை கந்தகம். முதல் நாள் நான் சொன்ன நெல்லும் சோறும் சார்11-க்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

அப்புறம் ஒன்று. அதே 2015-இல் சூடோநிட்சியா என்ற டயாட்டத்தோடு சல்ஃபிட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவை வைத்து இன்னொரு குழு செய்த வேலை. டயாட்டம் கந்தகக் கரிமப் பொருளும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலமும் விடுகிறது. பாக்டீரியா அந்த டிரிப்டோபனை இண்டோல் அசிட்டிக் அமிலமாக்கித் திருப்பித் தருகிறது, கூட அம்மோனியாவும் தருகிறது. இண்டோல் அசிட்டிக் அமிலம் என்பது பயிரில் வேர்விட வைக்கும் அதே ஹார்மோன்தான். அது கிடைத்ததும் டயாட்டம் வேகமாகப் பிரிகிறது. மாவு கொடுத்து முறுக்கு சுட்டு வாங்கிக்கொள்வது போல. பண்டமாற்று என்ற சொல்லுக்கு என்னிடம் இருப்பதிலேயே நல்ல உதாரணம் இது.

பிப்ரவரி 21

பாசிக்கு எதற்கு பி12, தாவரத்துக்குத் தேவையில்லையே என்று கேட்டவருக்கு. நிலத்துச் செடிகளுக்குத் தேவையில்லை. பாசிகளில் பாதிக்குத் தேவை. 2005-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கட்டுரையில் 326 இனங்களைப் பார்த்து, 171 இனங்களுக்கு வெளியிலிருந்து பி12 வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பி12-ஐச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியாவும், பார்க்க அதைப் போலவே இருக்கும் ஆர்க்கியா என்ற ஒற்றைச் செல் உயிர்களும் மட்டும்தான்.

பிப்ரவரி 25

முறுக்கு உதாரணம் பலருக்குப் பிடித்திருக்கிறது. இனி சொல்லப்போவது பிடிக்குமா தெரியவில்லை.

ஃபேயோபாக்டர் என்ற பாக்டீரியா எமிலியானியாவின் மேல் ஒட்டி வாழும். பாசி இளமையாக இருக்கும்வரை வளர்ச்சி ஹார்மோன் தரும், வேறு பாக்டீரியா அண்டாமல் நோய்க்கொல்லியும் சுரக்கும். அந்த நோய்க்கொல்லி டிரோபோடைதியெட்டிக் அமிலம், அதன் மூலக்கூறிலேயே கந்தகம் உண்டு. பாசி முதிர்ந்து செல் உடையத் தொடங்கும்போது பாரா-கூமாரிக் அமிலம் கசியும். அந்த வாடை பட்டதும் பாக்டீரியா கட்சி மாறிவிடும். ரோசியோபாக்டிசைடு என்ற, இதுவும் கந்தகம் உள்ள, நஞ்சைச் செய்து பாசியைக் கொன்று தின்றுவிடும். 2011-இல் வந்த கட்டுரை. தோட்டக்காரன் காய்ந்த கொடியைப் பிடுங்குவதுதானே என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். கொடி காய்ந்துவிட்டது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது இன்னும் கடினம். வட அட்லாண்டிக்கில் எமிலியானியா பெருக்கத்திலிருந்து எடுத்த சல்ஃபிட்டோபாக்டர் டி7 என்ற வகை. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-இல் காட்டினார்கள். பாசியோடு சேர்த்து வளர்த்தால் முதலில் சும்மா இருக்கும். பாசி முதிர்ந்து டிஎம்எஸ்பி கூடும்போது கொலையாளியாக மாறும். வெளியிலிருந்து டிஎம்எஸ்பியை ஊற்றினால் கொல்வது இன்னும் தீவிரமாகிறது. தின்றதிலிருந்து மெத்தேன்தயாலை ஏராளமாக விடுகிறது. உணவு எதுவோ அதுவே ஏவல்.

சல்ஃபிட்டோபாக்டர் என்ற அதே பேரினம்தான் ஐந்து நாள் முன் நான் எழுதிய முறுக்குக்காரி. இனத்துக்கு இனம், பாசிக்குப் பாசி, பாசியின் வயதுக்கு வயது குணம் மாறுகிறது. அதனால் பண்டமாற்று என்ற சொல்லை இனி நான் பயன்படுத்தப் போவதில்லை. கொடுக்கல் வாங்கல் என்றே சொல்வேன். அந்தச் சொல்லில் கடன் உண்டு, வட்டி உண்டு, தொடுப்பு உண்டு, கொடுத்தவனைக் கழுத்தில் பிடிப்பதும் உண்டு.

மார்ச் 2

பிப்ரவரி 10 காலைக் குறிப்பை இன்று திரும்பப் படித்தேன். டிஎம்எஸ்பியைச் செய்வது பாசி, தின்பது பாக்டீரியா என்கிற தொனி முழுக்க ஓடுகிறது. திருத்த வேண்டும். 2017-இல் நாரிச் குழு, லாப்ரென்சியா என்ற கடல் பாக்டீரியா தானே டிஎம்எஸ்பி செய்வதைக் காட்டி, அதற்கான டிஎஸ்ஒய்பி மரபணுவையும் பிடித்தது. ஒளியில்லாத ஆழத்திலும் சேற்றிலும் டிஎம்எஸ்பி ஏன் இருக்கிறது என்ற பழைய புதிருக்கு அங்கிருந்து ஒரு வழி திறந்தது. 2013-இல் பவளக் குஞ்சுகளும், தம்முள் குடியிருக்கும் பாசி இல்லாத நிலையிலேயே, டிஎம்எஸ்பி செய்வது தெரியவந்திருந்தது. வடிப்பவர்கள் ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அளவில் பாசிதான் முதலிடம் என்பது மாறவில்லை.

மார்ச் 3

மேகம் பற்றி எழுதவில்லையே என்று இரண்டு பேர். சுருக்கமாக. கடலிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2.8 கோடி டன் கந்தகம் டைமெத்தில் சல்ஃபைடாகக் காற்றுக்குப் போகிறது. காற்றில் அது சல்பேட் துகளாகி மேகத் துளிக்கு வித்தாகும். வெப்பம் கூடினால் பாசி கூடும், மேகம் கூடும், வெப்பம் தணியும் என்று 1987-இல் சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரியே, வாரன் நால்வரும் ஒரு கருதுகோள் வைத்தார்கள். 2011-இல் குவின், பேட்ஸ் இருவரும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்து, அவ்வளவு எளிய தெர்மோஸ்டாட் இல்லை என்று எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம். வித்தாகும் துகளுக்கு உப்புத் தூசி போன்ற வேறு மூலங்கள் ஏராளம்.

கடற்பறவைகளுக்கு இந்த வாடை தெரியுமா என்று கேட்டது நல்ல கேள்வி. தென் கடல்களில் பெட்ரல் வகைப் பறவைகள் சில டைமெத்தில் சல்ஃபைடை முகர்ந்து இரை இருக்கும் இடத்துக்கு வருகின்றன, 1995-லிருந்தே தெரியும். மென்று தின்னும் மிதவை விலங்கு சிந்துகிற வாடை, அந்த விலங்கைத் தின்பவரையே கூப்பிடுகிறது.

மார்ச் 9

ஒரு மாணவி தனியாக எழுதியிருந்தார். முதுநிலைத் திட்டப்பணிக்குக் கரைந்த டிஎம்எஸ்பி அளக்கப் போகிறார், பம்ப் கதையைப் படித்துப் பயந்துவிட்டாராம். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் பதில் இங்கேயே.

பம்ப் வேண்டாம். புனலில் ஐம்பது மில்லிலிட்டர் போல மெதுவாக ஊற்றுங்கள், தாள் காய விடாதீர்கள். முதலில் சொட்டும் மூன்று நான்கு மில்லிலிட்டரை மட்டும் எடுங்கள். மீதியைக் கொட்டிவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். தாளில் பாசி அடர அடரச் செல் உடையும், கடைசிச் சொட்டுகள் பொய் சொல்லும். வலையில் பிடித்த நீரில் செய்யாதீர்கள், அது ஏற்கெனவே அடிபட்ட பாசி. வாளியில் எடுத்த நீராக இருந்தால் நிழலில் வையுங்கள், குலுக்காதீர்கள். ஒரே நீரில் மூன்று புனல் வையுங்கள், ஒன்று மட்டும் எகிறினால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது.

பிறகு முக்கியமானது. வடிநீர் இறங்கிய உடனே சில துளி கந்தக அமிலம் விட்டு மூடிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் கண்ணாடி இழைத் தாளின் துளை 0.7 மைக்ரோமீட்டர். பாசி அதில் நிற்கும். சார்11 அதைவிடச் சன்னம், பெரும்பாலும் தாளைத் தாண்டி நீரோடு உங்கள் குப்பிக்குள் இறங்கியிருக்கும். ஒரு மாலை ஆறு குப்பிகளுக்கு அமிலம் விட மறந்து போய்விட்டேன். தெளிந்த நீர், மூடி இறுக்கமாக, குளிரில்லாத மேசை மேல். காலையில் ஆறிலும் டிஎம்எஸ்பி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்தக் குப்பிகளில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் அப்படியே இருந்தது.